வண்டிச் சாயத்தில் கீறலா? தேய்க்கும் முன் ஆழம் பாருங்கள்



உங்கள் வீட்டு வாசலில் நிற்கும் கப்சாய் மோட்டார் சைக்கிளையோ, கைமாறி வந்த பழைய காரையோ காலை வெளிச்சத்தில் ஒரு முறை சுற்றி வந்து பாருங்கள். முன்பக்கத்தில் கல் தெறித்த புள்ளிகள் இருக்கும். கதவில் செம்பனை மட்டை உரசிய கோடு இருக்கும். கூரையில் நிறம் மங்கி வெளுத்த திட்டு இருக்கும். "ஓடுகிற வண்டிதானே, இருந்துவிட்டுப் போகட்டும்" என்பார் வீட்டுப் பெரியவர். "தீபாவளிக்குள் பளபளவென்று ஆக்கிவிட வேண்டும்" என்பான் மகன். இரண்டு பேச்சிலும் பாதி நியாயம் இருக்கிறது. பாதி தவறும் இருக்கிறது.

சாயம் அழகுக்காக மட்டும் பூசப்பட்டதன்று. இரும்பையும் மழையையும் பிரித்து வைத்திருப்பது அதுதான். ஆண்டு முழுவதும் வெயிலும் மழையும் மாறி மாறி அடிக்கும் நம் நாட்டில், சாயம் விட்ட இடத்தில் துரு பிடிக்க அதிக நாள் ஆகாது. பேருந்துச் சாலைக்கே செம்மண் பாதையில் வெகுதூரம் போகவேண்டிய குடும்பத்துக்கு வண்டி ஆடம்பரப் பொருள் அல்ல. வேலைக்காட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் கிளினிக்குக்கும் அதுதான் கால். ஆகவே, "இருந்துவிட்டுப் போகட்டும்" என்று எல்லாக் கீறலையும் விட்டுவிட முடியாது.

அதே சமயம், வீட்டில் நாமே செய்யும் வைத்தியத்தில் வண்டி கெடுவது பெரும்பாலும் கீறலால் அல்ல. அவசரப்பட்டு அழுத்தித் தேய்ப்பதால்தான். எந்தக் கீறலைத் தேய்க்கலாம், எதைத் தொடவே கூடாது, எதை உடனே மூட வேண்டும் என்று தெரிந்துகொண்டால் கைக்காசும் மிஞ்சும், வண்டியும் நிலைக்கும்.

ஒரு தாளின் கனம்தான்

இன்றைய கார்களில் இரும்புத் தகட்டின் மேல் பல அடுக்குகள் உண்டு. முதலில் தகட்டைத் துருவிலிருந்து காக்கும் இரசாயனப் பூச்சு. அதன்மேல், வண்டியின் உடலைத் தொட்டியில் முக்கி மின்சாரத்தின் உதவியால் ஒட்டவைக்கும் அடிச்சாயம். பிறகு மேடுபள்ளத்தைச் சமப்படுத்தும் இடைச்சாயம். அடுத்தது நிறம் தரும் சாயம். எல்லாவற்றுக்கும் மேலே, பட்டறைக்காரர்கள் 'கிளியர்' என்று சொல்லும் நிறமற்ற பூச்சு. பளபளப்பைத் தருவதும், வெயிலைத் தாங்குவதும் இந்தக் கிளியர்தான்.

இத்தனை அடுக்கும் சேர்ந்து எவ்வளவு கனம் இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? சாதாரணமாக ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு, அல்லது அதைவிடச் சற்றுக் கூடுதல். பிள்ளைகளின் நோட்டுப் புத்தகத்தில் ஒரு தாளை விரலால் பிடித்துப் பாருங்கள், ஏறக்குறைய அவ்வளவுதான். அதிலும் கிளியர் மட்டும் பாதிக்கும் குறைவாகவே இருக்கும். நாம் தேய்க்கும் ஒவ்வொரு முறையும் அதில் கொஞ்சம் போகிறது. போனது திரும்பி வராது. வண்டியின் ஓரங்களிலும் மடிப்புகளிலும் சாயம் இன்னும் மெலிதாக இருக்கும். அங்கே கை வைக்கும்போது இரட்டிப்புக் கவனம் வேண்டும்.

1970, 80ஆம் ஆண்டுகளில் வந்த பல வண்டிகளில் கிளியர் கிடையாது. நிறச் சாயமே மேல்சாயம். உங்கள் வண்டி எந்த வகை என்று அறிய எளிய வழி உண்டு. கண்ணில் படாத ஓரிடத்தில், கொஞ்சம் பாலிஷ் தடவிய வெள்ளைத் துணியால் மெதுவாகத் தேயுங்கள். துணியில் வண்டியின் நிறம் ஏறினால் அது கிளியர் இல்லாத சாயம். நிறம் ஏறாமல் அழுக்கு மட்டும் வந்தால் மேலே கிளியர் இருக்கிறது.

ஆழம் அறிய மூன்று சோதனைகள்

முதல் சோதனை தண்ணீர். வண்டியைக் கழுவித் துடைத்தபின், கீறலின்மேல் ஈர விரலை வையுங்கள். ஈரம் பட்டதும் கீறல் மறைந்து, காய்ந்ததும் திரும்பத் தெரிந்தால் அது கிளியரோடு நின்றுவிட்ட மேல்கீறல். இதை வீட்டிலேயே சரிசெய்யலாம்.

இரண்டாவது சோதனை நகம். கீறலுக்குக் குறுக்கே நகத்தை மெதுவாக ஓட்டுங்கள். நகம் வழுக்கிக்கொண்டு போனால் பயமில்லை. 'டக்'கென்று மாட்டினால் கீறல் ஆழமானது; தேய்த்து அழிக்க நினைக்காதீர்கள்.

மூன்றாவது சோதனை நிறம். கீறலுக்குள் வண்டியின் நிறமே தெரிகிறதா? சாம்பல் போன்ற வேறு நிறம் தெரிந்தால் அடிச்சாயம் வரை போய்விட்டது. பளிச்சென்று தகடு தெரிந்தாலோ, பழுப்பு நிறம் கண்டாலோ இரும்பையே தொட்டுவிட்டது. இதுதான் அவசர வேலை. மற்றவை தீபாவளி வரை காத்திருக்கலாம். இது அடுத்த மழை வரைகூடக் காத்திருக்கக் கூடாது.

கழுவுவதில்தான் பாதி வேலை

வண்டியில் தெரியும் மெல்லிய சுழல் கோடுகளில் பெரும்பாலானவை சாலையில் விழுந்தவை அல்ல. நம் கையால் விழுந்தவை. செம்மண் தூசியில் நுண்ணிய மணல் கலந்திருக்கிறது. காய்ந்த தூசியைத் துணியால் துடைப்பதும், வண்டியை மணல்தாளால் தேய்ப்பதும் ஏறக்குறைய ஒன்றுதான். "ஒரு துடை துடைத்துவிட்டுப் போகலாம்" என்ற பழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள்.

முதலில் நிறையத் தண்ணீர் ஊற்றி மண்ணை ஓடவிடுங்கள். இரண்டு வாளி வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் வண்டி கழுவும் சவுக்காரத் தண்ணீர், மற்றதில் துணியை அலசும் வெறும் தண்ணீர். மேலிருந்து கீழாகக் கழுவுங்கள். சக்கரத்துக்குத் தனித் துணி. கீழே விழுந்த துணியை அலசாமல் மறுபடி எடுத்துத் தேய்க்காதீர்கள். பழைய பனியன் துணியானால் தையல் ஓரத்தை வெட்டிவிடுங்கள். சந்தையில் கிடைக்கும் மைக்ரோபைபர் துணி இன்னும் நல்லது. சட்டி கழுவும் சவுக்காரத்தை எப்போதும் பயன்படுத்தினால், மேலே பூசியிருக்கும் மெழுகைக் கழற்றிவிடும்.

வேலை செய்வது நிழலில், தகடு குளிர்ந்திருக்கும்போது. காலை நேரமே உகந்தது.

மேல்கீறலுக்கு

இதற்குத் தேவை நடுத்தரக் காம்பவுண்டு ஒரு டப்பா, பாலிஷ் ஒரு டப்பா, மெழுகு ஒரு டப்பா, சுத்தமான துணி மூன்று. காம்பவுண்டு என்பது மிக நுண்ணிய பொடி கலந்த களிம்பு. அது கீறலை நிரப்புவதில்லை; கீறலைச் சுற்றியுள்ள மேட்டைத் தேய்த்துச் சமமாக்குகிறது. இதை மறக்காமல் இருந்தால் கை தானாகவே அடங்கும்.

துணியைத் தட்டையாக மடித்து, பட்டாணி அளவு காம்பவுண்டு எடுங்கள். ஒரு சாண் அகலத்துக்குமேல் ஒரே சமயத்தில் எடுத்துக்கொள்ள வேண்டாம். முன்னும் பின்னுமாக, மிதமான அழுத்தத்தோடு ஒரு நிமிடம் தேயுங்கள். துடையுங்கள். பாருங்கள். போதவில்லையென்றால் இன்னொரு முறை. மூன்று முறைக்குப் பிறகும் மெல்லிய கோடு தெரிந்தால் அதை விட்டுவிடுங்கள். நூற்றில் எண்பது பங்கு மறைந்தால் அது வெற்றிதான். மிச்சத்தை அழிக்கப் போய்க் கிளியரைத் துளைத்துக்கொண்டவர்கள் பலர். பதறாத காரியம் சிதறாது.

காம்பவுண்டுக்குப் பின் வேறு துணியால் பாலிஷ்; அதற்குப் பின் மெழுகு. மெழுகு கீறலை ஆற்றாது. ஆனால் மழைத்தண்ணீர் தங்காமல் வழிந்தோட உதவும்.

நீர் மணல்தாளை எடுக்கலாமா என்று சிலர் கேட்பதுண்டு. காம்பவுண்டுக்கு அடங்காத, ஆனால் நகம் மாட்டாத கீறலுக்கு மட்டும் எடுக்கலாம். எண் 2000க்குக் குறையாத தாளை வாங்குங்கள். எண் கூடக்கூடத் தாள் மென்மையாகும். தாளைத் தண்ணீரில் ஊறவைத்து, பிள்ளைகளின் ரப்பர் அழிப்பானில் சுற்றி, சவுக்காரத் தண்ணீர் விட்டு, நாலைந்து இழுப்பு மட்டும் இழுங்கள். வழியும் தண்ணீர் பால்போல் வெள்ளையாக இருக்கும்வரை நீங்கள் கிளியரில் இருக்கிறீர்கள். வண்டியின் நிறம் கலந்து வந்த அந்த நொடியே கையை எடுத்துவிடுங்கள். பிறகு எண் 3000 தாள், அதன்பின் காம்பவுண்டு. கை பழகாதவர்கள் முதலில் ஒரு பழைய மட்கார்டில் செய்து பார்ப்பது புத்திசாலித்தனம்.

மங்கிய திட்டுகள்

மங்கல் எல்லாம் ஒன்றல்ல. பறவை எச்சம், வௌவால் எச்சம், மரத்துப் பிசின் ஆகியவை வெயிலில் காய்ந்து சாயத்தை அரிக்கும். கண்டவுடன் ஈரத்துணியை அதன்மேல் சில நிமிடங்கள் போட்டு ஊறவிட்டு, தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். தழும்பு விழுந்திருந்தால் பாலிஷ் போதும்.

கிளியர் இல்லாத பழைய சாயம் வெயிலில் வெளுத்து, கையில் சுண்ணாம்புபோல் ஒட்டும். அதைப் பாலிஷ் போட்டால் அடியிலிருக்கும் நிறம் எழுந்து வரும். துணியில் நிறம் ஏறுவதைக் கண்டு பயப்பட வேண்டாம். ஆனால் ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறைக்குமேல் செய்யாதீர்கள்.

கிளியர் உள்ள வண்டியின் கூரையிலும் முன்மூடியிலும் வெள்ளைத் தோல் உரிவதுபோல் திட்டுகள் கிளம்பினால், அது கிளியர் செத்துப்போன அடையாளம். எந்தக் களிம்பும் அதை உயிர்ப்பிக்காது. "இந்த டப்பாவைத் தடவினால் புதிதாகிவிடும்" என்று விற்பவர் சொன்னால், உங்கள் வெள்ளியைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பகுதியைத் தேய்த்து மறுபடி பூசுவது ஒன்றே வழி. அது பட்டறை வேலை.

மோட்டார் சைக்கிள்காரர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். பழைய கப்சாயில் முழங்காலுக்கு முன்னிருக்கும் வெள்ளைக் கவசம் சாயம் பூசியதன்று. பிளாஸ்டிக்கின் நிறமே அது. அதைக் காம்பவுண்டு போட்டுத் தேய்த்தால் பளபளக்காது, சொரசொரப்பாகும். சவுக்காரத் தண்ணீரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இரும்பு தெரிந்தால்

முன்பு சொன்ன அவசர வேலை இதுதான். ஐந்து காசு அளவுப் புள்ளியாக இருக்கும்போது ஒரு காலைப்பொழுதில் முடியும். விட்டுவிட்டால் தகட்டையே மாற்ற நேரிடும். சாயம் கொப்புளம்போல் உப்பியிருந்தால், வெளியே தெரிவதைவிட உள்ளே துரு அதிகம் பரவியிருக்கிறது என்று பொருள்.

துரு பிடித்த புள்ளியை மட்டும், மடித்த மணல்தாளின் முனையால் சுரண்டுங்கள். 400 எண் தாள் இதற்குப் போதும். சுற்றிலும் நல்ல சாயத்தின்மேல் டேப் ஒட்டிக்கொண்டால் கை தவறினாலும் கெடாது. பழுப்பு நிறம் முழுக்கப் போய்ப் பளிச்சென்று இரும்பு தெரிய வேண்டும். குழிக்குள் சிக்கிய துருவுக்கு, துருவை மாற்றும் திரவம் ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும். டப்பாவில் எழுதியபடி தடவிக் காயவிடுங்கள். பிறகு சுத்தமான துணியால் எண்ணெய்ப் பசை இல்லாமல் துடைத்து, அடிச்சாயம் ஒரு பொட்டு வையுங்கள்.

நிறச் சாயத்தைக் கண்ணால் ஒப்பிட்டு வாங்காதீர்கள். வெள்ளையிலேயே பல வெள்ளைகள் உண்டு. காரின் கதவுத் தூணிலோ முன்மூடிக்குள்ளோ ஒரு தகட்டில் நிறத்தின் குறியீட்டு எண் இருக்கும். பல மோட்டார் சைக்கிள்களில் அது இருக்கைக்கு அடியில் ஒட்டியிருக்கும். அந்த எண்ணைச் சொல்லிச் சிறு குப்பி வாங்குங்கள். வெயிலில் வெளுத்த பழைய வண்டியில் புதுச்சாயம் சற்றுத் தூக்கலாகவே தெரியும். அது குற்றமன்று, இரும்பு மூடப்பட்டதா என்பதே முக்கியம்.

குப்பியோடு வரும் தூரிகை பெரும்பாலும் தடிப்பாக இருக்கும். பல்குத்தும் குச்சியால் தொட்டு வைத்தால் சாயம் பள்ளத்துக்குள் மட்டும் இறங்கும். ஒரே தடவையில் நிரப்பாதீர்கள். மெல்லிய பொட்டு, அரை மணி நேரம் காயவிடல், மறுபடி பொட்டு என்று மூன்று நான்கு முறை வைத்து, சுற்றியுள்ள மட்டத்துக்கு ஒரு மயிரிழை மேலே கொண்டுவாருங்கள். கிளியர் உள்ள வண்டியானால் கடைசியில் கிளியர் ஒரு பொட்டு. ஒரு வாரம் கழித்து 2000 தாளால் மேட்டை மட்டும் சமப்படுத்திப் பாலிஷ் போடலாம். மெழுகு பூச ஒரு மாதம் பொறுங்கள். புதுச்சாயம் உள்ளும் புறமும் உலர வேண்டும்.

மழை மேகம் கூடிய நாளிலும், காற்றில் ஈரம் மிகுந்த அதிகாலையிலும் சாயம் தொடாதீர்கள். ஈரத்தில் காயும் சாயம் வெள்ளை பூத்துப்போகும்.

வேண்டாத கைவைத்தியங்கள்

தேங்காய் எண்ணெய் தடவினால் கீறல் மறைவது உண்மை. ஈர விரல் வைத்தால் மறைவதுபோலத்தான் அதுவும். மழையில் போய்விடும், அதற்குள் தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

வெள்ளைப் பற்பசையிலும் நுண்ணிய பொடி உண்டு. மிக மெல்லிய உரசலுக்கு அவசரத்துக்கு உதவும். ஆனால் பொடியின் அளவு நம் கையில் இல்லை. பிரஷ்ஷால் தேய்ப்பது கூடவே கூடாது.

மண்ணெண்ணெய், பெட்ரோல், தின்னர் ஆகியவற்றால் வண்டியைத் துடைக்காதீர்கள். பளபளப்பு முதல் நாள் இருக்கும். பிறகு சாயம் உயிரிழந்து நிற்கும். பிரேக் எண்ணெய் ஒரு சொட்டுச் சிந்தினாலும் சாயத்தை இளக்கிவிடும். துடைப்பதற்கு முன் தண்ணீரை ஊற்றிக் கழுவுங்கள்.

தோட்டத்து வண்டிகளுக்கு

பால் வாளி ஏற்றும் வண்டியில் ரப்பர்பால் சிந்திக் காய்ந்தால் கத்தியால் சுரண்ட வேண்டாம். வெதுவெதுப்பான சவுக்காரத் தண்ணீரில் துணியை நனைத்துப் போட்டு, விரலால் உருட்டி எடுங்கள். பாலை உறையவைக்கும் ஆசிட் பட்டால் அந்த இடத்திலேயே நிறையத் தண்ணீர் ஊற்றுங்கள். அது சாயத்தையும் கெடுக்கும், இரும்பையும் அரிக்கும்.

செம்பனைக்குப் போடும் உரத்தில் உப்புவகை உண்டு. உரமூட்டை ஏற்றிய வண்டியை அன்று மாலையே கழுவாவிட்டால், அந்தத் தூள் ஈரத்தோடு சேர்ந்து பின்தாங்கியையும் அதன் அடிச்சட்டத்தையும் தின்னத் தொடங்கும். சாயம் நன்றாகத் தெரியும் மேல்பக்கத்தைவிட, கண்ணுக்குப் படாத அடிப்பக்கமே முதலில் போகும். மாதம் ஒரு முறையாவது குனிந்து பாருங்கள்.

உயிர் முதலில், பளபளப்பு பிறகு

மெழுகு, பாலிஷ், எண்ணெய் எதுவும் பிரேக் தட்டிலும், டயரின் தரைபடும் பாகத்திலும், இருக்கையிலும், கால்மிதியிலும் படவே கூடாது. பிரேக் தட்டில் மெழுகு பட்ட வண்டி வாசலில் அழகாக நிற்கும், சந்தியில் நிற்காது. பிள்ளையைப் பின்னால் ஏற்றிப் போகிற வண்டி என்பதை நினைவில் வையுங்கள்.

சாயம், தின்னர் வேலையை லயத்தின் உள்ளேயோ, அடுப்பெரியும் குசினிப் பக்கத்திலோ செய்யாதீர்கள். ஆவி தீப்பிடிக்கக் கூடியது. ஸ்பிரே டின் அடிப்பதானால் திறந்த வெளியில், குழந்தைகள் தள்ளியிருக்க, முகக்கவசத்தோடு அடியுங்கள். இரண்டு கலவை சேர்த்து அடிக்கும் கடினக் கிளியர் வகையைப் பட்டறைக்கே விட்டுவிடுங்கள். அதன் ஆவி ஆஸ்துமாவை உண்டாக்கக் கூடியது. சாதாரணத் துணிக் கவசம் அதைத் தடுக்காது.

மோட்டார் சைக்கிளின் அடிச்சட்டத்திலோ, சக்கரத்தைத் தாங்கும் கரத்திலோ துரு கண்டால், திருப்புளி முனையால் அழுத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் அதன்மேல் சாயம் பூசுவது புண்ணை மூடிவைப்பதற்குச் சமம். அன்றே ஓட்டுவதை நிறுத்தி, பட்டறைக்காரரிடம் காட்டுங்கள்.

முழு வண்டியையும் வேறு நிறத்துக்கு மாற்றும் ஆசை வந்தால், சாலைப் போக்குவரத்து இலாகாவில் தெரிவித்துப் பதிந்துகொள்ள வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள். அதே நிறத்தில் பொட்டு வைப்பதற்கு இந்தக் கவலை இல்லை.

முடிவாக, அடுத்த விடுமுறை நாளில் வண்டியைக் கழுவி, ஒரு துண்டுத் தாளில் மூன்று வரிசை போடுங்கள்: தண்ணீரில் மறையும் கீறல், நகம் மாட்டும் கீறல், இரும்பு தெரியும் புள்ளி. மூன்றாவது வரிசையை முதலில் முடியுங்கள். முதலாவதை நேரம் கிடைக்கும்போது செய்யுங்கள். நடுவில் இருப்பதற்குச் சாயப்பொட்டு வைத்து மூடி, அத்தோடு விட்டுவிடுங்கள். பக்கத்து வீட்டு வண்டியைப்போல் மின்னாவிட்டாலும், மழைக்காலம் முடியும்போது உங்கள் வண்டியில் புதிய துரு இருக்காது.